மாட்டு வண்டிக்குப் போட்ட முடக்கு

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கேக்கை ஒரு முடக்கில் பூங்கொத்தோடு ஒரு பெடியன் நின்றான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கையை நீட்டிக் காட்டினான். நாங்கள் நிற்கவில்லை. மூன்று மோட்டார் சைக்கிள், ஐந்து பேர், முன்னுக்குப் போனவனை எட்டிப் பிடிக்கிற அவசரம். முடக்கை வெட்டித் திரும்பி, நேராக ஒரு துண்டு ஓடி, அடுத்த முடக்குக்கு வந்தால் அங்கே அதே பெடியன், அதே பூங்கொத்து. மூச்சு வாங்குது, ஆனால் சிரிக்கிறான். மூன்றாவது முடக்கிலும் அவன்தான். பின்னுக்கு இருந்த நண்பன் என்ர காதுக்குள்ளே, "மச்சான், இவன் எங்களை விட வேகமாப் போறான்டா" என்று கத்தினான்.

அந்த வீதியால் போனவர்களுக்கு இது தெரிந்த காட்சி. வாகனம் வீதியால் சுற்றி வரும். பூ விற்கிற பெடியள் தேயிலைக்குள்ளால் நேரே கீழே பாய்ந்து வருவார்கள். கடைசியில் நிறுத்தி வாங்கினோம். மோட்டார் சைக்கிளில் பூவை எங்கே வைக்கிறது என்பது வேறு பிரச்சினை.

டித்வா புயலுக்கு முந்திய வருஷப் பயணம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து ரைட் போகிற பெடியளிடம் ஒரு பட்டியல் எப்போதும் இருக்கும்: இறம்பொடை, கடுகண்ணாவை, எல்ல, பிறகு மகியங்கனைப் பக்கம் இறங்குகிற 18 வளைவு. (வீதியை அகலிச்சதுக்குப் பிறகு அங்கே 17 வளைவுதான் இருக்கு. பேர் மட்டும் மாறவில்லை.) எங்கள் ஊர் வீதிகள் பனைமரம் மாதிரி நேரே போகிறவை. அதனால்தான் எங்களுக்கு மலை முடக்கு என்றால் ஒரு கிறுக்கு. சாய்ந்து திரும்பும்போது வயிற்றுக்குள்ளே ஏதோ ஒன்று இழுபடும், பாருங்கள், அதற்காகவே 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் போகிறோம்.

ஆனால் அந்தப் பெடியனைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. ஒரு சின்னப் பெடியன் இரண்டு நிமிசத்தில் நேரே இறங்குகிற மலையை, வீதி ஏன் இவ்வளவு சுத்திச் சுத்தி இறங்குது?

பதில் சுருக்கமானது. அந்த வீதி மனிசன் நடக்கப் போட்டது இல்லை. மாட்டு வண்டிக்குப் போட்டது. பாரம் ஏற்றிய வண்டியை மாடு ஓரளவு சாய்வுக்கு மேலே இழுக்காது. இறங்கும்போது அதைவிட மோசம்: வண்டி மாட்டைத் தள்ளும், மாட்டால் பிடித்து நிற்க ஏலாது. ஆகவே வீதியைப் போடுகிறவன் முதலில் முடிவு செய்வது சாய்வைத்தான். அந்தச் சாய்வை மீறாமல் மலையைச் சுற்றி வீதியை நீட்டிக்கொண்டே போவான். நீட்ட இடமில்லாமல் போகிற இடத்தில் வீதியை மடிப்பான். அந்த மடிப்புத்தான் நாங்கள் சொல்கிற கொண்டை ஊசி வளைவு. நாங்கள் நூறு முறை வீடியோ எடுத்துப் போட்ட வளைவுகளின் அடிப்படைக் கணக்கு, கோப்பி மூட்டை ஏற்றிய ஒரு சோடி எருதின் பலம்.

சரி, அந்த வண்டி ஏன் அங்கே போனது? அதற்கு அடுத்த நாள் கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குப் போனோம். கொழும்பு வீதியில் 15 கிலோமீற்றர் அளவுதான்.

கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் பலன என்று ஒரு மலை. 'பார்க்கிற இடம்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கண்டி இராச்சியத்தின் காவல் கோட்டை அங்கே இருந்தது. போர்த்துக்கேயர் 1594இல் தந்துறையில் ஒரு முழுப் படையை இழந்தார்கள். 1630இல் ஊவாப் பக்கம் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவோடு இன்னொரு படை போனது. ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்தும் நிலைக்க முடியவில்லை. ஆங்கிலேயர் 1803இல் கண்டி நகரைப் பிடித்துக் காவலுக்கு விட்ட படையும் அழிந்துபோனது. நான்கு தடவையும் வந்தவர்களிடம் நல்ல துவக்கு இருந்தது, பீரங்கி இருந்தது. இல்லாமல் இருந்தது வீதி. கண்டி மன்னர்கள் வேண்டுமென்றே வீதி போடவில்லை. ஒற்றையடிப் பாதை, அதற்குக் குறுக்கே முள்ளுக் கதவு, இரண்டு பக்கமும் காடு. பீரங்கியை அதற்குள்ளால் இழுக்க ஏலாது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வீதி இல்லாமல் இருப்பதே இருநூறு வருஷம் ஒரு இராச்சியத்தைக் காப்பாற்றிய கோட்டை.

1815 மார்ச்சில் கண்டி ஆங்கிலேயரின் கைக்குப் போனது யுத்தத்தால் என்பதை விட உள்ளேயிருந்த பிளவால். இரண்டே வருஷத்தில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. 1818 முடிவதற்குள் அதை மிகக் கொடூரமாக அடக்கினார்கள். அந்தக் கிளர்ச்சியிலிருந்து ஆங்கிலேயர் படித்த பாடம், இந்த மலையைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமென்றால் படையை விட முதலில் வீதி வேண்டும் என்பது.

அந்தப் பாடத்தை வேலையாக்கியவர் எட்வேர்ட் பார்ன்ஸ். 1820இல் பதில் ஆளுநராகவும் பிறகு 1824 முதல் 1831 வரை ஆளுநராகவும் இருந்தவர். வோட்டர்லூ யுத்தத்தில் நின்ற படைக்காரர். கொழும்பு–கண்டி வீதி அவருடைய திட்டம். அந்த வேலையில் ஒரு துண்டைத் தோமஸ் ஸ்கின்னர் என்ற இளம் அதிகாரியிடம் கொடுத்தார். ஸ்கின்னருக்கு அப்போது 16 வயது. வீதி போடுவதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே வேலைக்கு ஏறத்தாழ 200 கண்டிக் கிராமத்தவர்கள். அவர்களும் பார்த்ததில்லை. அங்கிருந்து தொடங்கியவர் பிறகு வீதிகள் ஆணையாளராகி, 1867இல் ஓய்வு பெறும்வரை இந்தத் தீவின் வீதிகளோடேயே வாழ்ந்தார். 16 வயதில் எங்கள் பெடியள் லைசென்சுக்கே விண்ணப்பிக்க ஏலாது.

இதில் நான் கொஞ்சம் நிற்கப் பார்க்கிறேன். ஸ்கின்னரின் கதை நல்ல கதை, ஆங்கிலத்தில் அவரே எழுதி வைத்த கதை. அந்த 200 பேரின் கதையை எழுதி வைத்தவர்கள் இல்லை. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்களும் இல்லை. இராசகாரியம் என்பது கண்டி இராச்சியத்தில் காணிக்குப் பதிலாக அரசனுக்குச் செய்கிற சேவை. குளம் கட்ட, விகாரை பராமரிக்க, பல்லக்குத் தூக்க என்று அதற்கு ஓர் ஒழுங்கும் எல்லையும் இருந்தன. ஆங்கிலேயர் வந்து அரசனை நீக்கினார்கள், இராசகாரியத்தை நீக்கவில்லை. அதை அப்படியே எடுத்து வீதி வேலைக்குத் திருப்பினார்கள். விதைக்கிற காலமா, அறுக்கிற காலமா என்று பார்க்காமல் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அவர்களின் முன்னோர்கள் எந்தக் காட்டை வைத்து எதிரியைத் தடுத்தார்களோ, அதே காட்டை வெட்டி எதிரிக்கு வழி விட்டார்கள். சும்மா அல்ல, கட்டாயத்தில்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வீதியோரம் ஒரு பாறை இருக்கு. நடுவே குகை மாதிரிக் குடைந்த துளை. ஆதியில் வீதி அதற்குள்ளால்தான் போனது. இப்போது வாகனங்கள் பக்கத்தால் போகின்றன. கண்டி மக்களிடையே ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள்: மலையைத் துளைத்து வழி வந்தால்தான் அந்நியன் கண்டியை ஆள முடியும் என்று. அது தெரிந்துதான் பார்ன்ஸ் அந்தப் பாறையைச் சுற்றிப் போகாமல் துளைத்தார் என்று கதையின் மிச்சம். உண்மையோ, பிறகு கட்டினதோ, ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் கதை பொருந்தும். சுற்றிப் போயிருக்கலாம் என்று எங்களுக்கே தெரியுது, இப்போது சுற்றித்தானே போகிறோம்!

கொஞ்சம் மேலே டொசன் கோபுரம். வீதியைத் திட்டமிட்ட பொறியியல் அதிகாரி கப்டன் டொசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய 125 அடிக் கோபுரம். வீதியைத் திட்டமிட்டு நிறைவேற்றியவர் அவர் என்று கல்வெட்டுச் சொல்கிறது. நாங்கள் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வேலை செய்து செத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காய்ச்சலாலும் பாறை வெடியாலும் போன உயிர்களுக்கு ஒரு கல் நட்டால் கோபுரத்தின் உயரம் குறைந்து விடுமோ தெரியாது.

வீதி முடிந்த கையோடு 1832இல் கொழும்பு–கண்டி தபால் வண்டிச் சேவை வந்தது. ஆசியாவின் முதல் தபால் குதிரை வண்டிச் சேவை என்று அதைச் சொல்வார்கள். முன்பு நாட்கணக்கில் போன பயணம் ஒரே நாளுக்குள் சுருங்கியது. படைக்குப் போட்ட வீதியால் இப்போது கோப்பி இறங்கத் தொடங்கியது.

கோப்பி தானாக வரவில்லை. ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்திலேயே பார்ன்ஸும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தன்னுடைய சொந்தத் தோட்டத்தைப் போட்டார். கோப்பிக்கான ஏற்றுமதித் தீர்வையை அவருடைய ஆட்சியே எடுத்துவிட்டது. வீதி போடுகிற ஆளுநரே தோட்டக்காரர். பிறகு வந்த வருஷங்களில் அதிகாரிகள், நீதிபதிகள், படைக்காரர்கள் என்று எல்லோரும் காணி வாங்கினார்கள். மலை வீதி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மண்ணும் பாறையும் மட்டும் தீர்மானிக்கவில்லை.

எங்கள் இறம்பொடை வீதிக்கு இதில் ஒரு தனி இடம். நுவரெலியாவை நோய்வாய்ப்பட்ட வெள்ளைக்காரப் படைவீரர் உடம்பு தேற்றுகிற ஊராக்கியவர் பார்ன்ஸ்தான். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று அந்தப் பாதை ஏற ஏற அதன் இரண்டு பக்கமும் காடு எரிந்து கோப்பி வந்தது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்னத் தொடங்க, தேயிலை வந்தது. இன்றைக்கு இது ஏ5 வீதி. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, மகா ஓயா தாண்டி மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் முடிகிறது. மட்டக்களப்புப் பெடியளுக்கு எங்களை விட லேசு, வீட்டு வாசலிலிருந்தே மலைக்கு ஏறலாம்.

இறம்பொடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தின கடையில் ஓர் அம்மா இருந்தார். எங்கட ஹெல்மெட்டையும் கையுறையையும் பார்த்துவிட்டு, "எங்கருந்து தம்பி வர்றீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அவ்ளோ தூரத்துல இருந்தா? மெதுவா போங்கப்பா. ஸ்கூல் விடுற நேரம், புள்ளைங்க எல்லாம் ரோட்டுலதான் வரும்" என்றார்.

உண்மை. அந்த வீதிக்கு நடைபாதை என்று ஒன்று அநேக இடத்தில் இல்லை. ஒரு பக்கம் மலை வெட்டு, மற்றப் பக்கம் பள்ளம், நடுவில் நாங்கள். பிள்ளைகள் மலைப் பக்கக் கானின் விளிம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். எங்களுக்கு அது ரைட் போகிற வீதி. அவர்களுக்கு அது முற்றம் மாதிரி.

அந்தக் கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை வீதியில் வேகத்துக்கு அடுத்த எதிரி தண்ணீர். மேலேயிருந்து வருகிற மழைத் தண்ணி வீதிக்குள் இறங்காமல் மலைப் பக்கக் கானால் ஓடி, மதகுக்குள்ளால் மற்றப் பக்கம் போக வேண்டும். கான் அடைபட்டால் தண்ணி வீதியின் அடிமண்ணுக்குள் போகும். பள்ளப் பக்கம் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர் வீங்கும். பிறகு ஒருநாள் வீதியோடு சேர்ந்து போய்விடும். கானைத் துப்புரவாக்குவது ஒருத்தரும் படம் எடுக்காத வேலை. 2025 நவம்பரில் டித்வா வந்தபோது மலையக வீதிகள் எத்தனையோ இடத்தில் அறுந்தன. அதே வருஷம் மே மாதம், இதே வீதியில், கொத்மலை கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'இலங்கையின் திகில் வீதிகள்' என்று நாங்கள் பகிர்கிற வீடியோக்களுக்குக் கீழே இதை யாரும் எழுதுவதில்லை. அங்கே பயப்படுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தெரிவு இல்லை.

கடைக்குப் பின்னால் ஒரு பாதை லயத்துக்கு இறங்கியது. காப்பெற் வீதியிலிருந்து பத்தடி விலகினவுடனே குழியும் கல்லும். "மழை பேஞ்சா ஓட்டோகாரன்கூட வர மாட்டான். ஆஸ்பத்திரிக்கு ஆளத் தூக்கிக்கிட்டுத்தான் வரணும்" என்றார் அந்த அம்மா. இதற்கும் ஒரு சட்டக் கதை இருக்கு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் இருக்கிற பாதைகளுக்கும் வசதிகளுக்கும் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வோட்டுப் போடலாம், அந்த வோட்டில் வந்த சபை உங்கள் பாதைக்குக் கல் போட ஏலாது. அது திருத்தப்பட்டது 2018இல். கோப்பிக்கு 1820களில் கிடைத்த வீதி, கோப்பியையும் தேயிலையையும் சுமந்தவர்களின் லயத்துக்கு வர இன்னும் பத்தடி மிச்சம்.

திரும்பி ஊருக்கு வரும் வழி மாத்தளை.

1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையோடு இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஆள் இல்லையென்றால் கூலிக்கு ஆள் வேண்டும். பயனியர் என்ற பெயரில் படை ஒழுங்கில் வைத்து வேலை வாங்கிய குழுக்கள் வீதிகளைப் போட்டன. அவற்றில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகை. மலையகத் தமிழர் என்றவுடன் எங்களுக்குக் கொழுந்துக்கூடைதான் கண்ணில் வரும். பாறை உடைத்த சம்மட்டி வருவதில்லை.

ஆனால் அரசுக்கு இலவச உழைப்பின் ருசி விட்டுப்போகவில்லை. 1848இல் ஆளுநர் ரொறிங்டன் காலத்து வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று வந்த அதே காலம். கிராமத்தவனுக்குக் கேள்வி சுலபமானது: தோட்டக்காரனின் கோப்பி போகிற வீதிக்கு நான் ஏன் ஆறு நாள் கல் சுமக்க வேண்டும்? அந்த ஜூலையில் கிளர்ச்சி வெடித்து மாத்தளைக்குள் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை வரிக்கு எதிரான கிளர்ச்சி என்று ஒரு பந்தியில் படித்தோம். வீதியில் நின்று பார்த்தால் அது வீதிக்கு எதிரான கிளர்ச்சியும்தான்.

மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளை, மதவாச்சி. ஏ9 எங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்த வீதி. இந்தத் துண்டுக்கு முன்பு வடக்குப் பாதை என்று பெயர். இராமேஸ்வரப் பக்கமிருந்து தோணியில் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கின சனம், கங்காணிக்குப் பின்னால் காட்டுக்குள்ளால் நடந்து மதவாச்சிக்கு வந்து, அங்கிருந்து இதே வழியால் மாத்தளைக்கு ஏறினார்கள். ஏறத்தாழ 150 மைல். 1840களில் வருஷத்துக்குப் பல்லாயிரம் பேர். தண்ணி இல்லாத இடங்கள், மலேரியா, வாந்திபேதி. நடக்க ஏலாதவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபோது பாதி நூற்றாண்டுக்கும் மேலான நடை முடிந்திருந்தது.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்பதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்தார்கள். இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. எங்களில் ஒருவரும் அதில் போய்ச் சேரவில்லை. அந்த நாட்களில் ஒரு ரைட் வீடியோவுக்கு லைக் போட்டதுதான் எனக்கு ஞாபகம்.

மாத்தளையில் வெளிக்கிட்டு மதவாச்சிக்கு வர எங்களுக்கு மூன்று மணித்தியாலம்கூட எடுக்கவில்லை, இடையில் பெற்றோலும் அடிச்சு. மன்னாருக்குத் திரும்புகிற சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நிறுத்தினோம். இருட்டிப் போச்சு. பூங்கொத்து பையின் வலைக்குள் நசிந்து கிடந்தது. பின்னுக்கு இருந்தவன் மன்னார் வீதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், இதாலையா வந்தவை?"

"ஓம்."

"நடந்தா?"

"ஓம். நடந்துதான்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பிளேன்டி வந்தது. குடித்துவிட்டு வவுனியாப் பக்கம் வெளிக்கிட்டோம், இந்தத் தடவை ஒருத்தரும் முந்தவில்லை. இருட்டு, அதோட மாடுகள் வீதியில் படுத்திருந்தன.